விருப்பமே முகவரி

நுழையும்முன்

விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முறையை நாம் அறிவோம். அங்கே பெயரும் ஊரும் படிப்பும் போதும். ஆனால், தான் விரும்பும் நூலை, தான் போற்றும் கதையைத் தன்னைப் போலவே விரும்பும் முன்பின் அறியாத ஒருவருக்கு மடல் எழுத நேர்ந்தால் எங்கிருந்து தொடங்குவது? எதைச் சொல்வது? எதைச் சொல்லாமல் விடுவது? இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் வாழ்ந்த சில இளைஞர்கள் இவ்வினாக்களுக்குத் தம் கையால் படியெடுத்த சிற்றிதழ்களில் விடை தேடினர். அவர்களின் வரலாறே இப்பாடம்.

அறிமுகம் என்னும் கலை

'நீங்கள் யார்?' என்னும் வினா எளிமையானது, விடை எளிமையானதன்று. வினவுபவர் யார் என்பதற்கேற்ப விடையும் மாறும். பள்ளி அலுவலகத்தில் வினவினால் வகுப்பையும் பிரிவையும் கூறுகிறோம். உறவினர் திருமணத்தில் வினவினால் இன்னாருடைய மகள், இன்னாருடைய பேரன் என்கிறோம். தொடர்வண்டியில் உடன் பயணம் செய்பவர் வினவினால் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். இவ்விடைகள் அனைத்தும் உண்மையே. எனினும், இவற்றுள் ஒன்றேனும் நாம் எதைக் கண்டு மகிழ்கிறோம், எதை நினைந்து இரவில் விழித்திருக்கிறோம் என்பதைக் கூறுவதில்லை.

விருப்பத்தை முன்னிறுத்தித் தம்மை அறிமுகம் செய்துகொள்வோர் ரசிகர்கள். அவர்கள் கூடும் வட்டத்தில் பிறப்பும் பதவியும் பின்னே நிற்கும்; எதை விரும்புகிறோம், ஏன் விரும்புகிறோம் என்பவை முன்னே நிற்கும். இத்தகைய அறிமுகம் எழுத்து வடிவில் ஒரு மரபாகவே வளர்ந்த களங்களுள் முதன்மையானது அறிவியல் புனைகதை ரசிகர்களின் வட்டம் ஆகும்.

மடல் பகுதியில் அச்சான முகவரி

1926ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நியூயார்க் நகரில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைகளுக்கு மட்டுமே உரிய முதல் ஆங்கில இதழ் இது. விண்வெளிப் பயணத்தையும் எதிர்கால நகரங்களையும் பேசிய அக்கதைகளை அன்றைய கற்றோர் பலர் பொருட்படுத்தவில்லை. அவற்றை ஆர்வத்துடன் படித்த இளைஞர்கள் வீட்டிலும் பள்ளியிலும் தனித்தே இருந்தனர். சிறிய ஊர் ஒன்றில் அவ்விதழை வாங்குபவர் ஒருவர் மட்டுமே என்னும் நிலையும் இருந்தது. படித்ததைப் பகிர்ந்துகொள்ள அருகில் எவரும் இல்லை.

அவ்விதழில் வாசகர் மடல்களுக்கெனத் தனிப்பகுதி ஒன்று அமைந்தது. கதையைப் பாராட்டியும் அதிலுள்ள அறிவியல் பிழைகளைச் சுட்டியும் வாசகர்கள் எழுதினர். அம்மடல்களை வெளியிட்டபோது எழுதியவரின் பெயருடன் முழு முகவரியும் அச்சிடப்பட்டது. இச்சிறு செயல் பெரிய விளைவைத் தந்தது. ஒரு நகரத்தில் இருந்த வாசகர், தம்மைப் போலவே சிந்திக்கும் மற்றொருவர் வேறொரு நகரத்தில் இருப்பதைக் கண்டார். ஆசிரியருக்கு எழுதுவதை விடுத்து நேரடியாக அவருக்கே மடல் எழுதினார். அஞ்சல்தலை ஒன்றின் செலவில் தனிமை உடைந்தது.

அம்மடல்கள் தொடங்கும் முறை கருதத்தக்கது. முன்பின் அறியாத ஒருவருக்கு எழுதுவதால், 'உங்கள் மடலைப் படித்தேன்' என்பதே முதல் தொடராக அமைவது இயல்பு. அதாவது, 'நான் யார்' என்பதற்கு முன்பே 'நீங்கள் கூறியதைக் கேட்டேன்' என்பது இடம்பெற்றுவிடுகிறது. பிறரைக் கேட்டபின் தன்னைக் கூறுதல் என்னும் இவ்வொழுங்கு, நல்ல அறிமுகத்தின் முதல் இலக்கணம் எனலாம்.

உடலுக்கு முன்னே வந்த எழுத்து

மடல் எழுதிப் பழகியவர்கள் சங்கம் அமைத்தனர். சங்கத்தின் செய்திகளைப் பகிர்ந்துகொள்ள இதழ் தேவைப்பட்டது. 1930ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த 'தி காமெட்' என்னும் சிற்றிதழே அறிவியல் புனைகதை ரசிகர்களின் முதல் இதழாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அதனை உருவாக்கியவர்களுள் ரேமண்ட் பால்மர் குறிப்பிடத்தக்கவர். அவர் சிறுவனாக இருந்தபோது சரக்குந்து மோதி முதுகெலும்பு முறிந்தது. அதனால் உடல்வளர்ச்சி குன்றியது, முதுகும் வளைந்தது. படுக்கையில் கழிந்த நாள்களில் அவருக்குத் துணையாக இருந்தவை நூல்களே.

தெருவில் பால்மரைக் காண்பவர் முதலில் அவருடைய முதுகையே கண்டனர். இதழில் அவரைச் சந்தித்தவரோ முதலில் அவருடைய எண்ணத்தைக் கண்டனர். பின்னாளில், 1938ஆம் ஆண்டில், தாம் வாசகராக இருந்த 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழுக்கே பால்மர் ஆசிரியரானார். அடுத்த ஆண்டு பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரின் கதையை அதில் வெளியிட்டார். அதுவே அவ்விளைஞரின் அச்சேறிய முதல் கதை. உலகப் புகழ்பெற்ற ஐசக் அசிமோவே அவ்விளைஞர்.

ரஸ் சாவ்னே என்பவர் பத்து வயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர். சதுரங்க ஆட்டத்தில் வல்லவர். கூட்டத்தில் நடைபெறும் உரையாடலைச் செவியால் அறிய இயலாத அவருக்கு, எழுத்தால் நிகழும் உரையாடலில் எவ்விதத் தடையும் இல்லை. 'டிடூர்ஸ்' என்னும் பெயரில் அவர் ஓர் இதழ் நடத்தினார். ரசிகர்கள் தாமே உருவாக்கும் இதழ்களுக்கு 'ஃபேன்சீன்' என்னும் சொல்லை 1940ஆம் ஆண்டு அக்டோபரில் அவ்விதழில் அவரே முதன்முதலில் பயன்படுத்தினார். இன்று ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுள்ள அச்சொல், செவித்திறன் இழந்த இருபது வயது இளைஞர் ஒருவர் உலகிற்குத் தந்த கொடையாகும்.

கிளீவ்லாந்து நகரில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஜெர்ரி சீகல், தம் நண்பர் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து 1932ஆம் ஆண்டில் 'சயின்ஸ் ஃபிக்ஷன்' என்னும் இதழைப் படியெடுத்து வெளியிட்டார். அது ஐந்து இதழ்களே வந்தது. எனினும், 1933ஆம் ஆண்டில் அதில் வெளிவந்த கதை ஒன்றின் தலைப்பில் 'சூப்பர்மேன்' என்னும் பெயர் இடம்பெற்றது. வேறுபல மாற்றங்களுக்குப்பின், 1938ஆம் ஆண்டில், அதே பெயர் கொண்ட நாயகனாக இவ்விருவரின் படைப்பு உலகை எட்டியது.

இவ்விதழ்களை அச்சகத்தில் அச்சிட இளைஞர்களிடம் பணம் இல்லை. சிலர் ஜெலட்டின் பரப்பில் ஊதா மையால் எழுத்தைப் பதித்து, அதன்மேல் தாளை ஒற்றி எடுத்தனர். அம்முறையில் ஏறத்தாழ ஐம்பது படிகளுக்குமேல் எழுத்து மங்கிவிடும். வேறு சிலர், நம் நாட்டில் 'சைக்ளோஸ்டைல்' என்று வழங்கிய மெழுகுத்தாள் முறையைக் கையாண்டனர். மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து, அதனை உருளையில் பொருத்தி, கைப்பிடியைச் சுழற்றி ஒவ்வொரு பக்கமாக எடுத்தனர். விரல்களில் மை படிய, வீட்டு மேசையில் தாள்களை அடுக்கித் தைத்து, உறையிலிட்டு அனுப்பினர். ஓர் இதழைப் பெறுபவர், அதனை உருவாக்கியவரின் உழைப்பையும் சேர்த்தே பெற்றார்.

தெரிந்து தெளிவோம்

ரசிகரைக் குறிக்கும் 'ஃபேன்' என்னும் ஆங்கிலச்சொல், தீவிரப் பற்றாளரைக் குறிக்கும் 'ஃபெனட்டிக்' என்பதன் சுருக்கமாகக் கருதப்படுகிறது. காற்று வீசும் கருவியைக் குறிக்கும் 'ஃபேன்' என்பது வேறு சொல். இரண்டும் ஒலியால் ஒன்றாக இருப்பதால், தமிழில் ரசிகரை 'விசிறி' என்று அழைக்கும் வழக்கம் தோன்றியது. நகைச்சுவை கலந்த இம்மொழிபெயர்ப்பு நிலைத்துவிட்டது. ஒரு பிழையும் மக்கள் நாவில் பழகினால் சொல்லாகிவிடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

பணம் வேண்டா, பதில் வேண்டும்

ரசிகர் இதழ்கள் பலவற்றில் விலை குறிக்கப்படும் இடத்தில் 'வழக்கமானது' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடர் காணப்படும். வழக்கமானது என்பது மூன்றனுள் ஒன்று. இதழைப் படித்துக் கருத்துரைக்கும் மடல் ஒன்று அனுப்பலாம். தாம் நடத்தும் இதழைப் பதிலுக்கு அனுப்பலாம். கட்டுரையோ ஓவியமோ படைத்துத் தரலாம். இவற்றுள் ஒன்றைச் செய்தவருக்கு அடுத்த இதழ் வந்து சேரும். வாசகர் என்பவர் வாங்குபவர் அல்லர், மறுமொழி கூறுபவர் என்னும் கொள்கை இதில் அடங்கியுள்ளது.

இக்கொள்கை ஓர் அமைப்பாகவும் உருப்பெற்றது. டொனால்டு வோல்ஹைம் என்பவரின் முயற்சியால் 1937ஆம் ஆண்டில் ரசிகர்களின் தனியிதழ்ச் சங்கம் ஒன்று தோன்றியது. 'ஃபாபா' என்பது அதன் சுருக்கப்பெயர். அதன் செயல்முறை எளியது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் இதழை எழுதி, உறுப்பினர் எண்ணிக்கை அளவுக்குப் படியெடுத்து, பொறுப்பாசிரியருக்கு அனுப்புவர். அவர் அனைவரின் இதழ்களையும் தொகுத்துக் கட்டி, மூன்று திங்களுக்கு ஒருமுறை எல்லா உறுப்பினருக்கும் அனுப்பிவைப்பார். தொடக்கத்தில் 50 பேருக்கு மட்டுமே இடம் இருந்தது. பின்னர் 65 ஆயிற்று.

இத்தனியிதழ்களில் எழுதுபவரே ஆசிரியர். அவர் விரும்பியதே பொருள். படித்த நூலைப் பற்றியும், பார்த்த திரைப்படத்தைப் பற்றியும், வீட்டுப் பூனையைப் பற்றியும் எழுதலாம். எனினும், முன்வந்த கட்டில் பிறர் எழுதியவற்றுக்கு ஒவ்வொருவராகப் பெயர் கூறி மறுமொழி எழுதுவது வழக்கமாயிற்று. புதிதாகச் சேர்ந்தவரும் அவ்வாறே செய்தால் எளிதில் வரவேற்கப்பட்டார். தம்மைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியவருக்கோ மறுமொழி குறைவாகவே கிடைக்கும். பற்றிக்கொள்ள ஒரு நுனியேனும் இல்லாத மடலுக்கு எவரால் பதில் எழுத இயலும்?

லீ ஹாஃப்மன் யார்?

அமெரிக்காவின் தென்பகுதியில் ஜார்ஜியா மாநிலத்தில் சவானா என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து 1950ஆம் ஆண்டில் 'குவாண்டிரி' என்னும் ரசிகர் இதழ் வெளிவரத் தொடங்கியது. ஆசிரியர் பெயர் லீ ஹாஃப்மன். எள்ளலும் இனிமையும் கலந்த நடை, காலந்தவறாமை, பிறரை எழுதத் தூண்டும் பண்பு. குறுகிய காலத்தில் அவ்விதழ் ரசிகர் வட்டத்தின் முதன்மையான இதழ்களுள் ஒன்றாயிற்று.

லீ என்பது ஆங்கிலத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர். அறிவியல் புனைகதை ரசிகருள் பெரும்பாலோர் ஆண்களாக இருந்த காலம் அது. ஆகவே, சிறந்த இதழை நடத்தும் லீ ஹாஃப்மனும் ஓர் ஆணாகவே இருக்கவேண்டும் என்று வாசகர் பலர் எண்ணிக்கொண்டனர். 1951ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூஆர்லியன்ஸ் நகரில் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியது. அங்கே லீ ஹாஃப்மனைக் காண ஆவலுடன் வந்தவர்கள் வியந்து நின்றனர். அவர்கள் முன் நின்றவர் பத்தொன்பது வயதுப் பெண். ஷெர்லி பெல் ஹாஃப்மன் என்பது அவருடைய முழுப்பெயர்.

இந்நிகழ்ச்சி நகைப்புக்கு மட்டும் உரியதன்று. ஓராண்டு முழுவதும் அவருடைய எழுத்தைப் படித்தவர்கள் அதன் தரத்தைக் கொண்டே அவரை மதித்தனர். பெண் என்று முன்பே அறிந்திருந்தால் அதே மதிப்பை அளித்திருப்பார்களா? இவ்வினாவை ஒவ்வொருவரும் தம் நெஞ்சிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. பின்னாளில் ஹாஃப்மன், அமெரிக்க மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட புதினங்களைப் படைத்து, 'தி வால்டெஸ் ஹார்சஸ்' என்னும் புதினத்திற்காக 'ஸ்பர்' விருது பெற்றார்.

'குவாண்டிரி' இதழில் தொடர்பத்தி எழுதியவர்களுள் வால்ட் வில்லிஸ் ஒருவர். அவர் கடலுக்கு அப்பால், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்தவர். 1948ஆம் ஆண்டு முதல் 'ஸ்லாண்ட்' என்னும் இதழை நடத்திவந்தார். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் அச்சுக்கோத்து, சிறிய கையச்சுப் பொறியில் அச்சிட்டார். நண்பர் ஜேம்ஸ் வைட் படங்களைச் செதுக்கித் தந்தார். அவரும் பிற்காலத்தில் புகழ்பெற்ற புனைகதை ஆசிரியரானார்.

வில்லிஸை நேரில் கண்டறியாத அமெரிக்க ரசிகர்கள், எழுத்தின் வழியே அவரைத் தம் நண்பராகக் கொண்டனர். கடல் கடந்து வர அவருக்குப் பொருள்வசதி இல்லை என்பதை உணர்ந்து, தமக்குள் பணம் திரட்டினர். 1952ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் நடைபெற்ற மாநாட்டிற்கு அவரை வரவழைத்தனர். முகமறியாத ஒருவருக்காகப் பலர் தம் சிறு சேமிப்பைத் தந்தமைக்குக் காரணம், தாள்களின் வழியே நிகழ்ந்த நல்லதோர் அறிமுகமே ஆகும்.

மறைத்தலும் பொய்த்தலும்

எழுத்தில் அறிமுகம் செய்துகொள்பவர் எதைச் சொல்வது என்பதைத் தாமே முடிவு செய்கிறார். இவ்வுரிமையின் மறுபக்கத்தையும் ரசிகர் வட்டம் கண்டது. 1950களில் கார்ல் பிராண்டன் என்னும் பெயரில் ஒரு ரசிகர் கலிபோர்னியாவிலிருந்து எழுதினார். பகடிக் கதைகளில் வல்லவராகத் திகழ்ந்த அவர், கறுப்பின இளைஞர் என்று அறியப்பட்டார். பலரும் அவரை நண்பராக ஏற்றனர். இறுதியில், அப்படி ஒருவர் வாழவே இல்லை என்பது வெளிப்பட்டது. டெர்ரி கார், பீட் கிரஹாம் ஆகிய வெள்ளையின இளைஞர்களும் அவர்தம் நண்பர்களும் சேர்ந்து புனைந்த மனிதரே அவர்.

விளையாட்டாகத் தொடங்கிய இச்செயலில் விளையாட்டல்லாத ஒன்றும் இருந்தது. கறுப்பின ரசிகர்கள் மிக அரிதாக இருந்த வட்டத்தில், அனைவரும் அறிந்த கறுப்பின ரசிகர் ஒரு கற்பனை மனிதராகவே இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1999ஆம் ஆண்டில், புனைகதைத் துறையில் வெள்ளையரல்லாத எழுத்தாளருக்கும் வாசகருக்கும் உரிய இடம் கிடைக்கவேண்டும் என்று விரும்பியோர் ஒரு சங்கம் தொடங்கினர். அதற்குக் 'கார்ல் பிராண்டன் சங்கம்' என்றே பெயரிட்டனர். இல்லாத ஒருவரின் பெயரால் இருப்பவர்கள் தம்மை அறிமுகம் செய்துகொண்டனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டால் ஒரு தெளிவு பிறக்கும். 'லீ' என்னும் பெயர் ஹாஃப்மனுக்கு உரியதே. எழுத்தும் உழைப்பும் அவருடையவையே. அவர் ஆண் என்பது படித்தவர்களின் ஊகத்தில் பிறந்தது. பிராண்டனின் எழுத்துக்குப் பின்னாலோ அந்த மனிதரே இல்லை. சிலவற்றைக் கூறாமல் இருப்பது தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை. இல்லாத வாழ்க்கையை இருப்பதாகக் காட்டுவது பிறருடைய நம்பிக்கையைக் கவர்வது. புனைபெயர் ஒரு திரை. அதன் பின்னால் உண்மையான மனிதர் இருக்கவேண்டும்.

அன்று முழு முகவரியை அச்சிட்டமை நட்பை வளர்த்தது. இன்றைய இணைய உலகில் அதுவே தீங்காக முடியலாம். வீட்டு முகவரி, தொலைபேசி எண், படிக்கும் பள்ளி, நாள்தோறும் செல்லும் வழி ஆகியவற்றை அறியாதாரிடம் கூறவேண்டிய தேவை இல்லை. அவற்றைக் கூறாவிட்டாலும் அறிமுகம் குறைவுபடாது. ஏனெனில், ஒருவரின் விருப்பமே அங்கு அவருக்குரிய முகவரி.

பாயிரம் காட்டும் நெறி

தன்னையும் தன் படைப்பையும் அறிமுகம் செய்வது குறித்துத் தமிழ் இலக்கணம் விரிவாகச் சிந்தித்துள்ளது. நூலின் முகப்பில் அமையும் பாயிரம் அத்தகைய அறிமுகமே. நூலாசிரியர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும் சிறப்புப் பாயிரத்தில் இடம்பெற வேண்டும் என்கிறது நன்னூல். இவ்வெட்டனுள் ஆசிரியர் பெயர் ஒன்று மட்டுமே ஆளைப் பற்றியது. கேட்போரும் பயனும் நூலை எதிர்கொள்பவரைப் பற்றியவை. அறிமுகம் என்பது கேட்பவரையும் உள்ளடக்கியது என்னும் கருத்து இதனால் புலனாகிறது.

தன்னைத் தானே புகழ்வது தகாது என்றும் நன்னூல் வரையறுக்கிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிரி தன்னைப் பழிக்கும்போதும் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. ரசிகர் வட்டம் இந்நான்கனுள் எதுவும் அன்று. அங்கே வெல்லவேண்டிய எதிரி இல்லை; உடன் அமர்ந்து சுவைக்கவேண்டிய நண்பரே இருக்கிறார்.

இருவகை அறிமுகங்கள்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினத்தை விரும்புவோர் நடத்தும் கையெழுத்து இதழ் ஒன்றில் புதிதாக எழுதவரும் மாணவி ஒருவர், பின்வருமாறு தொடங்குவதாகக் கொள்வோம்:

"எனக்கு நூல்கள் படிப்பது மிகவும் பிடிக்கும். பொன்னியின் செல்வன் மிகச்சிறந்த புதினம். நான் அதன் மிகப்பெரிய ரசிகை. பல போட்டிகளில் பரிசு பெற்றுள்ளேன்."

இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால், இதனை எவரும் எழுதலாம். படிப்பவர் மறுமொழியாகக் கூறுவதற்கும் ஒன்றும் இல்லை. அம்மாணவியே பின்வருமாறு எழுதினால்:

"எல்லாரும் வந்தியத்தேவனைப் பற்றியே பேசுகிறார்கள். என் நெஞ்சில் நின்றவள் பூங்குழலி. நள்ளிரவிலும் அஞ்சாமல் தனியே கடலில் படகு செலுத்துகிறவள் அவள். எனக்கோ இருட்டில் கொல்லைப்புறம் செல்லவும் அச்சம். அதனால்தான் அவளைப் பிடித்ததோ என்று எண்ணுகிறேன். முதன்முறை படித்தபோது உங்களுக்கு யாரைப் பிடித்தது? பிறகு அது மாறியதா?"

இங்கே மாணவியின் பெயர் இல்லை, ஊர் இல்லை, பரிசுகள் இல்லை. ஆயினும், அவரை நாம் அறிந்துகொள்கிறோம். பொதுவான புகழ்ச்சிக்கு மாறாகக் குறிப்பான ஒன்று கூறப்பட்டுள்ளது. விருப்பத்திற்கான காரணம் ஆராயப்பட்டுள்ளது. தன் குறை ஒன்று தயக்கமின்றிச் சொல்லப்பட்டுள்ளது. இறுதியில் ஒரு வினா எழுப்பப்பட்டு, படிப்பவருக்கு இடம் விடப்பட்டுள்ளது. குறிப்பாகக் கூறுதல், காரணம் கூறுதல், உண்மை கூறுதல், பிறருக்கு இடம் தருதல் ஆகிய நான்கும் நல்ல அறிமுகத்தின் உறுப்புகள்.

பொறியில் இல்லை மாயம்

1954ஆம் ஆண்டில் வால்ட் வில்லிஸும் அவர்தம் நண்பர் பாப் ஷாவும் சேர்ந்து 'தி என்சாண்டட் டூப்ளிகேட்டர்' என்னும் உருவகக் கதையை எழுதினர். குறையற்ற ரசிகர் இதழைப் படைக்க விரும்பும் இளைஞன் ஒருவன், மாயப் படியெடுப்புப் பொறியைத் தேடி நெடும்பயணம் மேற்கொள்கிறான். இடர்கள் பல கடந்து அவன் காண்பதோ பழுதடைந்த பழைய பொறி ஒன்றை. மாயம் பொறியில் இல்லை. அதன் கைப்பிடியைச் சுழற்றும் உண்மையான ரசிகரிடமே உள்ளது என்பதை அவன் உணர்கிறான்.

ஊதா மை போயிற்று, மெழுகுத்தாளும் போயிற்று. கருவிகள் இனியும் மாறும். முன்பின் அறியாத ஒருவருக்கு முதல் வரியை எழுதும்போது நெஞ்சில் தோன்றும் தயக்கம் மட்டும் அன்றுபோல் இன்றும் உள்ளது. பால்மரும் சாவ்னேயும் ஹாஃப்மனும் அத்தயக்கத்தைக் கடந்தவர்கள். தாம் எதை விரும்புகிறோம் என்பதை நேர்மையுடன் எழுதி அனுப்பிவிட்டு, அவர்கள் அஞ்சல்காரரின் வருகைக்காகக் காத்திருந்தனர். பதில் வந்தது.

சொல்லும் பொருளும்

நுதலிய – கருதிய, சொல்லக் கருதிய
எல்லை – நூல் வழங்கும் நிலப்பரப்பு
எள்ளல் – நகையாடல்
பகடி – ஒன்றைப் போலச் செய்து நகைத்தல்
அச்சுக்கோத்தல் – ஈய எழுத்துகளை வரிசையாக அடுக்குதல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பெயர், ஊர், பள்ளி, மதிப்பெண் ஆகியவற்றைக் குறிப்பிடாமல், நீங்கள் விரும்பும் நூல், கலை அல்லது விளையாட்டின் வழியே உங்களை 100 சொற்களில் அறிமுகம் செய்து எழுதுக. தாள்களைக் கலந்து வகுப்பில் படித்து, எழுதியவர் யார் என்று கண்டறிக.

2. வகுப்பு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து தனியிதழ்க் கட்டு ஒன்றை உருவாக்குக. ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதுக. அடுத்த கட்டில், பிறர் எழுதியவற்றுள் மூன்றனுக்கேனும் மறுமொழி இடம்பெறுமாறு பார்த்துக்கொள்க.

3. 'புனைபெயரில் எழுதுவது உரிமையா, ஒளிதலா?' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 'ஃபேன்சீன்' என்னும் சொல்லை முதன்முதலில் பயன்படுத்தியவர்
அ) ஹியூகோ கெர்ன்ஸ்பேக் ஆ) ரஸ் சாவ்னே இ) வால்ட் வில்லிஸ் ஈ) டெர்ரி கார்

2. பொருத்தமான இணையைத் தேர்க.
அ) பால்மர் – ஸ்லாண்ட் ஆ) சீகல் – டிடூர்ஸ் இ) ஹாஃப்மன் – குவாண்டிரி ஈ) வில்லிஸ் – தி காமெட்

குறுவினா

1. வாசகர் மடல்களுடன் முகவரியும் அச்சிடப்பட்டதால் விளைந்த பயன் யாது?
2. ரசிகர் இதழ்களில் 'வழக்கமானது' என்பது எவற்றைக் குறித்தது?
3. தன்னைப் புகழ்தல் தகும் இடங்களாக நன்னூல் கூறுவன யாவை?

சிறுவினா

1. ரசிகர்களின் தனியிதழ்ச் சங்கம் செயல்பட்ட முறையை விளக்குக.
2. 'தெருவில் பால்மரைக் காண்பவர் முதலில் அவருடைய முதுகையே கண்டனர்' – இத்தொடரின் கருத்தைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

நெடுவினா

1. மறைத்தலுக்கும் பொய்த்தலுக்கும் உள்ள வேறுபாட்டை லீ ஹாஃப்மன், கார்ல் பிராண்டன் ஆகியோர் குறித்த நிகழ்ச்சிகளின் வழி நிறுவுக. பாடத்தில் கூறப்படும் கருத்துடன் நீங்கள் உடன்படாத இடம் உண்டாயின் காரணத்துடன் எழுதுக.